திருவேங்கடத்து மனுக்கள்: கச்சேரித் தபாலிலிருந்து இணையப் படிவம் வரை

இணையதளங்களில் ‘தொடர்புக்கு’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் படிவம் புதிய சரக்கு அல்ல. பெயர், முகவரி, விஷயம், செய்தி என்று நான்கு கட்டங்கள். ‘சமர்ப்பி’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குச் செய்தி போகிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் வெள்ளைத்தாளில் எழுதப்படும் மனுவிலும் இதே நான்கு பகுதிகள்தான்: அனுப்புநர், பெறுநர், பொருள், அதன் கீழே விவரம். சங்கரன்கோவிலுக்கும் கழுகுமலைக்கும் பக்கத்தில், கரிசல் மண்ணில் இருக்கும் திருவேங்கடம் போன்ற ஊரில் மனு எழுத வேண்டிய காரணங்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவிருந்ததில்லை. மழை பொய்த்தால் வரிவஜா, வாரிசு மாறினால் பட்டா மாற்றம், அதன்பின் பாதை, குடிநீர், முதியோர் பென்ஷன். மனு வைக்கும் முறை பலமுறை மாறியிருக்கிறது. மனு போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததற்கு எழுதியவர் கையில் என்ன சாட்சி என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை வைத்திருந்தது. இணையப் படிவம் பரவத் தொடங்கிய சில ஆண்டுகளில் அந்த விடை காணாமல் போனது.

பாளையக்காரர் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. எட்டயபுரம், சிவகிரி, குருவிகுளம், தலைவன்கோட்டை எனச் சுற்றுவட்டாரமெங்கும் பாளையங்கள் இருந்தன. குறை உள்ளவர் அரண்மனைக்குப் போய் நேரில் முறையிட்டார். கேட்பவர் எதிரிலேயே இருந்தார். 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்து ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமை ஒரு கலெக்டரின் கீழ் வந்ததும் கேட்பவர் தூரமாகிப் போனார். வாய்மொழி முறையீடு எழுத்தாக வேண்டியிருந்தது. கலெக்டரிடம் அந்த எழுத்தைக் கொண்டுபோனவர்கள் கச்சேரி என்று அழைக்கப்பட்ட அரசு அலுவலகத்தின் சிப்பந்திகள். யாரைப் பற்றிய புகாரோ அவர் வழியாகவே புகார் மேலே போகும் நிலையும் சேர்ந்தே பிறந்தது.

அந்த இடைத்தரகை உடைத்தது தபால். 1854க்கு முன் தபால் கூலி தூரத்தைப் பொறுத்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது: கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக மக்கள் வதைக்கப்படுவது பற்றி விசாரித்த குழு தன் வேலையைச் செய்ததும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. காசு கட்டுவதற்கு முன்பே அடி வாங்கிய ரயத்துகளின் புகார்கள் அதில் குவிந்திருந்தன. நேரில் வந்து சொன்னவர்களைவிட எழுதி அனுப்பியவர்களே அதிகம். ஆனாலும் எழுதுவது இலவசமாக நீடிக்கவில்லை. 1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம் மனுக்களுக்கும் முத்திரை வில்லை ஒட்ட வைத்தது. வில்லை ஒட்டாத மனுவை ஓரமாகத் தள்ளிவைக்க ஒரு குமாஸ்தாவுக்குச் சட்டபூர்வமான காரணமும் கிடைத்தது.

எழுதத் தெரியாத ஊரில் எழுதித் தருவது தொழிலாயிற்று. தாலுகா கச்சேரி, பத்திரப்பதிவு அலுவலகம், நீதிமன்றம் ஆகியவற்றின் வாசலில் மரநிழலில் ஒரு சிறு மேசை, அதன்மேல் பிற்காலத்தில் ஒரு தமிழ்த் தட்டச்சுப்பொறி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த விசைப்பலகைதான் அந்தத் தட்டச்சுப்பொறிகளின் முன்னோடி. மனு எழுதுபவர் வெறும் எழுத்தர் அல்லர். வந்தவர் அரைமணி நேரம் கொட்டும் ஆற்றாமையிலிருந்து சர்வே எண், கிராமம், தேதி, கேட்கும் பரிகாரம் ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுப்பார். மற்றதையெல்லாம் ‘மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கி ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும் சட்டகத்துக்குள் அடக்கிவிடுவார். இன்று இணையப் படிவத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி போட்ட ‘கட்டாயம் நிரப்ப வேண்டிய’ கட்டங்கள் செய்யும் வேலை இதுவே. வந்தவரின் கோபத்தைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை மட்டும் அந்தக் கட்டங்களுக்குக் கிடையாது.

மனு உள்ளே போனதும் நடந்தது இன்னும் முக்கியமானது. சென்னை மாகாண அலுவலகங்களில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் கோப்பு முறை நிலைபெற்றது. வந்த தாள் முதலில் தபால் பிரிவில் தேதி முத்திரை பெறும். பிறகு அதற்கு ஒரு நடப்புக் கணக்கு எண், ‘ந.க.’ என்று கடிதத் தலைப்பில் இன்றும் அச்சாவது அதுதான். எந்தக் குமாஸ்தாவிடம் போகிறதோ அவருடைய தன்பதிவேட்டில் ஒரு வரி ஏறும்: எண், வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன பொருள், என்ன நடவடிக்கை, எப்போது முடிந்தது. முடியாத வரி முடியாததாகவே கண்ணில் உறுத்திக்கொண்டிருக்கும். மேலதிகாரி பதிவேட்டைப் புரட்டினால் அகப்பட்டுவிடும். சிவப்பு நாடா என்று கேலி செய்யப்பட்ட அமைப்பின் மிக நல்ல அங்கம் இது. மனுதாரர்களும் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் ‘ந.க. நம்பர் வாங்கிட்டீரா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பதிவுத்தபாலில் அனுப்பியவர்கள் கையெழுத்தாகித் திரும்பி வந்த ஒப்புகை அட்டையை நிலப்பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தார்கள்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் பட்டா மனுக்கள் பெருகின. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறிய பிழைகள் இன்னொரு அலையைக் கிளப்பின. ஒருவர் பெயரில் இருந்த நிலம் பக்கத்துக்காரர் பெயருக்குப் போனதும், பரப்பு குறைந்ததும் இன்றுவரை மனுக்களாக வந்துகொண்டிருக்கின்றன. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆண்டுக்கொரு முறை கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், கிராமத்துக்கே அதிகாரிகள் வரும் மனுநீதி நாள் ஆகியவை எழுத்து மனுவுக்கு மறுபடியும் ஒரு முகத்தைக் காட்டின. திருவேங்கடத்திலிருந்து நெல்லை கொக்கிரகுளம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் பிறந்த பின்னும் அலைச்சல் பெரிதாகக் குறையவில்லை. மாவட்டத் தலைநகர் ஐம்பது கிலோமீட்டர் தாண்டித்தான் இருக்கிறது.

பதிவேடு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் பிரிவதற்கு முந்தைய நெல்லை மாவட்டம் கண்டிருக்கிறது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலன் காணாத ஒரு குடும்பம் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்து மாண்டது. கொடுத்த மனு கீழே அனுப்பப்பட்டு, எந்த இடத்தில் நியாயம் கிடைக்காமல் மேலே வந்ததோ அந்த இடத்துக்கே திரும்பிப் போவது மனு முறையின் பழைய நோய்.

இணையப் படிவத்தின் கதை இதற்கு வெகு முன்பே வேறொரு மூலையில் தொடங்கியிருந்தது. 1993இல் மொசைக் உலாவியில் கட்டங்களை நிரப்பும் வசதி வந்தது. நிரப்பியதை வாங்கிச் சேவையகத்தில் ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் ‘சி.ஜி.ஐ.’ முறையும் அவ்வாண்டே உருவானது. 1995இல் மாட் ரைட் என்ற இளைஞர் ‘ஃபார்ம்மெயில்’ என்ற சிறு பெர்ல் நிரலை இலவசமாகக் கொடுத்தார்: படிவத்தில் எழுதியதை எடுத்து மின்னஞ்சலாக்கி அனுப்புவதே அதன் ஒரே வேலை. உலகம் முழுக்க அதைப் பிரதியெடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. அந்த வேலையை ஒற்றை வரியில் முடிக்கவைத்தது. இந்தியாவில் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிட்டதும் 1995 ஆகஸ்ட் 15இல்தான். ஃபார்ம்மெயிலில் ஒரு ஓட்டை இருந்தது. யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற முகவரி படிவத்துக்குள்ளேயே மறைந்திருந்ததால், அதை மாற்றி யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் குப்பை அஞ்சல் அனுப்பலாம். சில ஆண்டுகளில் அந்த நிரல் விளம்பரக் கூட்டத்தின் செல்லப்பிள்ளையாகிவிட்டது.

தமிழில் எழுதியவர்களுக்கு வேறொரு இடர் காத்திருந்தது. 2000 வாக்கில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம்: பாமினி, வானவில், டிஸ்கி, 1999இன் தமிழ்நெட் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட டாம், டாப். ஒரு எழுத்துருவில் தட்டிய மனு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளமாகத் தெரிந்தது. தமிழக அரசு 2010இல் எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமாகிய ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றது. அதன்பின்னும், மின்னஞ்சல் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்பும் படிவங்களில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. படிவத்தை அமைத்தவர் ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்திருப்பார்.

மேலும் நுட்பமான கோளாறு ‘அனுப்புநர்’ இடத்தில் இருந்தது. படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்புவது இயல்பாகத் தோன்றும். பழைய நிரல்கள் பலவும் அப்படித்தான் செய்தன. ஆனால் அந்த அஞ்சல் உண்மையில் புறப்படுவது ஒரு பள்ளியின் அல்லது கம்பெனியின் சேவையகத்திலிருந்து. பெறும் பக்கம் பார்த்தால் ஜிமெயில் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு சேவையகம் அஞ்சல் போடுகிறது; அதாவது பொய்க் கையெழுத்து. எந்தச் சேவையகம் தன் பெயரில் அனுப்பலாம் என்று ஒவ்வொரு தளமும் முன்கூட்டியே பட்டியலிடும் எஸ்.பி.எஃப். முறையும், பொருந்தாததை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க் முறையும் பரவின. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வரும் பொருந்தாத அஞ்சல்களை அறவே நிராகரிக்கச் சொன்னது. யாஹூ முகவரியோடு படிவம் நிரப்பியவர்களின் செய்திகள் சத்தமில்லாமல் விழுந்தன. நிரப்பியவர் திரையில் ‘நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ என்றே இருந்தது. இப்போதைய சரியான வழக்கம் வேறு: அனுப்புநர் இடத்தில் தளத்தின் சொந்த முகவரி, பதில் போக வேண்டிய இடத்தில் நிரப்பியவரின் முகவரி. அஞ்சல் கிளம்புமுன் செய்தியைத் தரவுத்தளத்தில் எண்ணிட்டுச் சேமிப்பதும் அவசியம். இந்தச் சேமிப்பு தன்பதிவேட்டின் வேலையைச் செய்கிறது. சும்மா ஒரு மின்னஞ்சல் பெட்டிக்கு அனுப்பும் படிவத்தில் முடியாத வரி யார் கண்ணையும் உறுத்தாது. பழைய அஞ்சல் புதியதன் அடியில் புதைந்துவிடும்.

சட்டம் இதை ஓரளவு முன்கூட்டியே யோசித்திருந்தது. 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மின்பதிவு கிடைத்ததற்கான ஒப்புகையைப் பற்றியது. தானியங்கிப் பதிலையும் அது ஒப்புகையாக ஏற்கிறது. அரசுப் பக்கத்தில் 2007இல் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் வந்தது. மாநிலத்தில் முதலமைச்சர் தனிப்பிரிவு இணையத்தில் மனு வாங்கத் தொடங்கியது. 2021 தேர்தல் பிரசாரத்தில் மு.க. ஸ்டாலின் மனுக்களைப் பெட்டிகளில் வாங்கிப் பூட்டியபோது கொடுத்தவர்களுக்கு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு தரப்பட்டது. தாளின் மதிப்பைவிடச் சீட்டின் மதிப்பு பெரிது என்று அறிந்த அரசியல் கணக்கு அது. ஆட்சிக்கு வந்ததும் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ துறைக்குச் சிறப்பு அலுவலரானவர் ஷில்பா பிரபாகர் சதீஷ்; திருநெல்வேலி கலெக்டராகத் திங்கட்கிழமை மனுக்களைக் கண்டவர். பின்னர் இந்த ஏற்பாடுகள் ‘முதல்வரின் முகவரி’ என்ற பெயரில் ஒன்றாயின. இப்போது மனு ஏறியதும் எண் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. சான்றிதழ் விண்ணப்பங்களுக்கு இ-சேவை மையம். மரநிழலில் இருந்த எழுத்தரின் வேலையில் பாதியை அந்த மையத்துக் கணினிக்காரர் செய்கிறார்.

படிவம் செய்யும் தொழிலும் திருவேங்கடம் இருக்கும் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. 2011இல் சோஹோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. படிவங்களை அமைக்கவும், நிரப்பியதை மின்னஞ்சலுக்கு அனுப்பவும் உதவும் மென்பொருள்கள் அதன் சரக்குகளில் அடக்கம். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலும் இப்போது சோஹோவின் மேடைக்கு மாறியிருக்கிறது. தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளும் வசதிக்கான நெறிமுறை 2012இல் வந்தது, ‘.இந்தியா’ என்று முடியும் தளப்பெயர்களும் உண்டு. ஆனால் பல இணையப் படிவங்கள் அப்படி ஒரு முகவரியைத் தட்டினால் இன்னும் ‘சரியான முகவரி தரவும்’ என்றுதான் திருப்பிக் கேட்கின்றன.