டிம் ஃபிஷரின் கொடும்பாவி

கொடும்பாவி என்றால் நம்மூரில் எரிப்பார்கள். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்து ஜிம்பி என்ற ஊரில், 1996ல் ஒரு கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அது அந்நாட்டின் துணைப் பிரதமர் டிம் ஃபிஷருடையது. தொங்கவிட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. யாருக்காக அவருடைய நேஷனல் கட்சி இருந்ததோ, அந்தக் கிராமத்து ஜனங்களேதான்.

ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அதனால் ஃபிஷர் எனக்கு முதலில் ஒரு ரயில் பைத்தியமாகத்தான் அறிமுகம். அடிலெய்டையும் டார்வினையும் இணைக்கும் பாதை 2004ல் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் அவருடைய விடாத நச்சரிப்பும் உண்டு. அந்த ஆளைப் பற்றித் தேடிப் படிக்கப்போய்த்தான் இந்தக் கொடும்பாவிக் கதை கிடைத்தது.

1946ல் பிறந்தவர். நியூ சவுத் வேல்ஸில் போரி கிரீக் என்ற குக்கிராமத்தில் விவசாயக் குடும்பம். கட்டாய ராணுவ சேவையில் வியட்நாமுக்குப் போய், 1968ல் காயம்பட்டார். திரும்பி வந்து 24 வயதில் மாநில சட்டசபை உறுப்பினர். 1984ல் ஃபேரர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம். 1990ல் கட்சித் தலைவர். 1996 மார்ச்சில் ஜான் ஹோவர்ட் பிரதமரானபோது இவர் துணைப் பிரதமர், கூடவே வர்த்தக அமைச்சர். தலையில் எப்போதும் அந்த அகலத் தொப்பி.

பதவியேற்று ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 28ம் தேதி டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாளில் தானியங்கி ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை என்று மாநிலங்களோடு ஒப்பந்தம் முடிந்தது. இங்கேதான் சிக்கல். துப்பாக்கிச் சட்டம் அங்கே மாநிலங்களின் அதிகாரம். குயின்ஸ்லாந்தில் ஆட்சி நடத்தியதோ ஃபிஷரின் கட்சி முதல்வர் ராப் போர்பிட்ஜ். நாடாளுமன்றத்தில் ஹோவர்டின் லிபரல் கட்சிக்குத் தனியாகவே பெரும்பான்மை இருந்தது. ஆனால் நாட்டுப்புறத்தில் போய் நின்று பேச லிபரல்காரர்களால் ஆகாது.

விவசாயிக்கு அங்கே துப்பாக்கி நம்மூர் அரிவாள் மாதிரி. நரி, காட்டுப்பன்றி, முயல் என்று தொல்லை ஓயாது. எவனோ ஒருவன் செய்த கொலைக்கு நாங்கள் ஏன் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோபம்தான். விக்டோரியாவில் சேல் என்ற ஊர்க் கூட்டத்தில் ஹோவர்டே கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு பேசினார். ஃபிஷருக்கு அது போதாது. ஹோவர்ட் பேசிவிட்டு சிட்னிக்குத் திரும்பிவிடலாம். இவர் மறுநாளும் அதே ஜனங்களின் முகத்தில் விழித்தாக வேண்டும். ஆனாலும் ஊர் ஊராகப் போனார், திட்டு வாங்கினார், பின்வாங்கவில்லை.

சும்மா பிடுங்கவும் இல்லை. மருத்துவ வரியை ஒரு வருஷத்துக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 ஆக்கி, அந்தப் பணத்தில் விலை கொடுத்து வாங்கினார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்து அழிக்கப்பட்டன.

விலையைக் கட்சியும் கொடுத்தது. 1998 குயின்ஸ்லாந்து தேர்தலில் பாலின் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சி 11 இடங்களைப் பிடித்தது. போர்பிட்ஜின் ஆட்சி போயிற்று. துப்பாக்கி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபம் அங்கே நன்றாகவே வேலை செய்தது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. மேய்ச்சல் குத்தகை நிலத்திலும் பழங்குடியினர் உரிமை நீடிக்கலாம் என்று 1996 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விக் வழக்கில் தீர்ப்பளித்தபோது, அந்த உரிமையைக் குறுக்கும் சட்டத்துக்கு முன்னால் நின்றவரும் இவரே. அங்கே தன் ஜனங்களை எதிர்க்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

1999ல் பதவியை விட்டார். மூத்த மகனுக்கு ஆட்டிசம். வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அரசியலில் 'குடும்பத்துக்காக' என்று சொல்பவர்களை நாம் நம்புவதில்லை, இல்லையா? இவர் நிஜமாகவே பண்ணைக்குப் போனார். பிறகு வாடிகனில் தூதராகவும் இருந்தார். 2013ல் அமெரிக்காவில் ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் சுடப்பட்டு இறந்தபோது, அந்த நாட்டுக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்று இவர் சொன்னது அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை.

2019 ஆகஸ்ட் 22ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். வயது 73. வியட்நாமில் அமெரிக்கர்கள் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு மருந்து உடம்பில் ஏறியதன் விளைவாக இருக்கலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது.