முன்னாள் அதிபர்கள் சட்டம் (அமெரிக்கா)

பதவிக்காலம் முடிந்த அமெரிக்க அதிபர்களுக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியமும் அலுவலக வசதியும் அளிக்கும் சட்டம் இது. அதிபர் ஐசன்ஹோவர் 1958 ஆகஸ்ட் 25 அன்று இதில் கையெழுத்திட்டார்.

பின்னணி

இச்சட்டத்துக்கு முன், அதிபராக இருந்தமைக்காக யாருக்கும் ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் அதிபர் யுலிசஸ் கிராண்ட் 1884-இல் பங்கு வணிக மோசடியில் சேமிப்பு முழுவதையும் இழந்தார். குடும்பத்துக்கு ஏதாவது விட்டுச்செல்ல வேண்டும் என்று, தொண்டைப் புற்றுநோயின் வேதனையிலும் தம் நினைவுகளை எழுதினார். குரல் அடங்கியபின் துண்டுத் தாளில் எழுதிக்காட்டியே பேசினார். நூலை முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று இறந்தார்.

1953-இல் அதிபர் பதவியிலிருந்து இறங்கிய ஹாரி ட்ரூமன், மிசௌரி மாநிலத்திலுள்ள சொந்த ஊரான இண்டிபென்டன்ஸுக்குத் திரும்பினார். குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத உதவியாளர் சம்பளமும் தபால் செலவும் அவர் கையிலிருந்தே போயின. வணிக நிறுவனங்கள் தர முன்வந்த பெரிய பதவிகளை, அவர்கள் கேட்பது தம்மையல்ல, அதிபர் பதவியை என்று சொல்லி மறுத்தார். அவருடைய பணமுடை பற்றிய பேச்சே சட்டத்துக்கு வழிவகுத்தது. அவர் சொன்ன அளவுக்கு முடை இருக்கவில்லை என்று பிற்கால ஆய்வு கூறுகிறது.

பயன்கள்

தொடக்கத்தில் ஓய்வூதியம் ஆண்டுக்கு 25,000 டாலர். இப்போது அது அமைச்சர் நிலைச் சம்பளத்துக்குச் சமம். 2024-இல் 2,46,400 டாலர். அலுவலக வாடகை, பணியாளர் சம்பளம் ஆகியவற்றையும் அரசு ஏற்கிறது. மறைந்த அதிபரின் மனைவிக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உண்டு.

பாதுகாப்பு தனிச்சட்டத்தின்கீழ் வருகிறது. 1965 முதல் ஆயுள் முழுக்க இருந்த காவல், 1994-இல் பத்தாண்டாகக் குறைக்கப்பட்டது; 2013-இல் மீண்டும் ஆயுள்காலமானது.

செனட் விசாரித்துப் பதவிநீக்கம் செய்தால் இச்சட்டத்தின் பயன்கள் கிடையா. 1974-இல் அதிபர் பதவியிலிருந்து தாமே விலகிய நிக்சனுக்கு அவை கிடைத்தன.

விவாதம்

நூல்களாலும் உரைகளாலும் பெரும்பணம் ஈட்டுவோருக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஓய்வூதியத்துக்கு 2 லட்சம் டாலர் உச்சவரம்பு வைத்து, பிற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் அரசு தரும் படியைக் குறைக்கும் மசோதாவை 2016-இல் காங்கிரஸ் நிறைவேற்றியது. பணியாளர்களின் சம்பளம் உடனே நின்றுவிடும் என்று காரணம் காட்டி அப்போதைய அதிபர் ஒபாமா அதைத் தடுத்தார்.

பதவியின் பெயரை விற்றுப் பிழைக்கும் நிலை எந்த அதிபருக்கும் வரக்கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் விற்கக்கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. ட்ரூமன் தாமாகக் காத்த கட்டுப்பாடு சட்டத்தில் இடம்பெறவில்லை.