ஆதாமின் விலா

எபிரேயர்களின் ஆதியாகமத்தில் படைப்புக் கதை ஒன்றன்று, இரண்டு. முதற்கதையில் ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலில் ஒருங்கே தோன்றுகின்றனர். மீனையும் பறவையையும் விலங்கையும் ஆளும் உரிமை இருவருக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. ஒருவர் மற்றவரை ஆளுவதென்ற பேச்சே அங்கில்லை.

பெண்ணுக்குக் கீழ்நிலை கற்பித்தோர் சான்று தேடியதெல்லாம் இரண்டாம் கதையில்தான். ஆண் முந்தியவன், பெண் அவன் எலும்பினின்று பிந்தி வந்த துணை. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், ஆதாம் முந்தியவன் என்பதைக் காட்டியே பெண் உபதேசிப்பதைத் தடுக்கிறது.

மூலச் சொற்களோ வேறு கதை சொல்லுகின்றன. 'துணை' என நாம் பெயர்ப்பது 'ஏஸெர்' என்னும் எபிரேயச் சொல். பழைய ஏற்பாட்டில் அது பெரும்பாலும் இஸ்ரவேலருக்கு உதவ வரும் கடவுளையே குறிக்கிறது. அதனை ஏவலாள் என்று பொருள் கொள்வது எங்ஙனம்? 'எலும்பு' என நாம் கொள்ளும் 'ஸேலா'வும் அத்தகையதே. உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்துக்கும் ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கத்துக்கும் அச்சொல்லே வழங்குகிறது. இதைக்கொண்டு பண்டை யூத ரபி ஒருவர், முதல் மனிதன் இருமுகங்கொண்ட ஓருடலாயிருந்து பின்னர் இரண்டாகப் பிளக்கப்பட்டான் என்றார். தமிழில் 'விலா' என்பதே உடலின் பக்கந்தானே. எலும்பை ஒட்டவைக்காமல் விட்டிருக்கலாம் என்று மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும், அவளைத் தன் எலும்பும் சதையுமானவள் என்று ஆதாமே மகிழ்ந்துரைப்பதால், எலும்பென்பாரை முற்றிலும் மறுத்துவிடவும் இயலாது.

கணவன் மனைவியை ஆளுவான் என்ற வாக்கு எங்கே வருகிறது? விலக்கப்பட்ட கனியை உண்ட பின்னர். ஆதாம் அவளுக்கு ஏவாள் எனப் பெயரிடுவதும் அதற்குப் பிறகே. பிரசவ வேதனை, முள் விளையும் நிலம், நெற்றி வியர்வை ஆகிய கேடுகளின் வரிசையில் அந்த ஆட்சியும் ஒன்று. படைப்பின் ஒழுங்கில் அது இடம்பெறவில்லை. கேட்டையே சட்டமாகக் கொண்டவர்கள் பின்வந்தோரே.

அதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. 1847-இல் எடின்பரோவில் பேறுகால வேதனையைத் தணிக்கக் குளோரோபாரம் கொடுத்த மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன், அது தெய்வ ஆணைக்கு மாறு என்னும் ஆட்சேபங்களுக்கு விடையாக அவ்வாண்டே ஒரு சிறுநூல் எழுத நேர்ந்தது. அவ்வாறாயின் முட்செடியைக் களையும் உழவனும் குற்றவாளியாவான் என்று அவர் வாதிட்டார். ஆதாமுக்கு ஆழ்ந்த துயிலை வருவித்த பின்னரே கடவுள் அவன் விலாவைத் திறந்தார் என்பதையும் எடுத்துக்காட்டினார்.