ஒரு சுழியத்தின் விலை

சென்னைக்கும் புதுதில்லிக்கும் இடையே ஓடும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸின் எண்கள் 12615, 12616. ஒரு சொல்லை உருபன்களாகப் பகுப்பதைப் போல இவற்றையும் பகுக்கலாம். முதலில் உள்ள 1, தொலைதூர வண்டி என்பதைக் குறிக்கிறது. அடுத்த 2, அதிவிரைவு வண்டி என்கிறது. 6, தெற்கு ரயில்வேக்கு உரியது. இறுதி இணை திசையைக் காட்டுகிறது: சென்னையிலிருந்து புறப்படுவது ஒற்றைப்படை, திரும்பி வருவது இரட்டைப்படை. இதே முறையில் 12301 ஹவுரா ராஜதானியில் 3 கிழக்கு ரயில்வேயையும், 12951 மும்பை ராஜதானியில் 9 மேற்கு ரயில்வேயையும் சுட்டுகின்றன.

இவ்விலக்கங்கள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. முன்பு ஒவ்வொரு ரயில்வேயும் தன் வண்டிகளுக்குத் தானே எண்ணிட்டு, 'அப்', 'டவுன்' என்று திசையைச் சேர்த்துச் சொல்லியது. அப்போது கிராண்ட் டிரங்க் வண்டி வெறும் 15, 16 தான். ஒரே எண் வெவ்வேறு ரயில்வேக்களில் வெவ்வேறு வண்டிகளைக் குறித்தது. நாடு முழுவதற்குமான நான்கிலக்க முறை வந்தபோது அது 2615, 2616 ஆயிற்று. 2010 டிசம்பர் 20 முதல் ஐந்திலக்க முறை நடைமுறைக்கு வந்தபின், முன்னால் ஒரு 1 சேர்ந்தது. பழைய வேர் அழியாமல் நிற்க, முன்னொட்டுகள் மட்டும் காலந்தோறும் கூடிவந்திருக்கின்றன.

புதிய முறையில் முதல் இலக்கமே வகையைச் சொல்லிவிடும். 3 கொல்கத்தா புறநகர் வண்டி, 9 மும்பை புறநகர் வண்டி. சென்னை உள்ளிட்ட பிற நகரங்களின் புறநகர் வண்டிகளுக்கு 4. சாதாரணப் பயணியர் வண்டிக்கு 5, மெமுவுக்கு 6, டெமுவுக்கு 7. சிறப்பு வண்டிக்கு 0.

இதுவரை சொன்னது வகைப்பாடு. ஆனால் சில கூற்றுகள் உலகை வருணிப்பதோடு நில்லாமல் உலகில் ஒரு செயலையும் நிகழ்த்துகின்றன என்று மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் காட்டினார். ரயில் எண்ணும் அத்தகையதே. 'அதிவிரைவு' என்னும் தகுதியைப் பெறும் வண்டியின் பயணச்சீட்டில் கூடுதல் கட்டணம் ஒன்று ஏறுகிறது. அன்று அவ்வண்டி தாமதமாக ஓடினாலும் அக்கட்டணம் குறைவதில்லை.

சுழியம் இதைவிட வலியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நிறுத்தப்பட்ட வண்டிகள், பின்னர் படிப்படியாகச் சிறப்பு வண்டிகளாகத் திரும்பின. 12615 என்பது 02615 ஆயிற்று. குறுந்தொலைவுப் பயணியர் வண்டிகள் பலவும் சுழியத்தை முன்னிட்டு, எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓடின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. தேவையற்ற பயணத்தைத் தவிர்ப்பதே நோக்கம் என்று ரயில்வே விளக்கம் தந்தது. 2021 நவம்பரில் தொலைதூர வண்டிகளுக்கு வழக்கமான எண்களைத் திருப்பியளிக்க ஆணை வந்தது. ஆயினும், குறுந்தொலைவுப் பயணிகளின் கட்டணம் பழைய நிலைக்கு இறங்க 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தண்டவாளம் அதே. நிலையங்களும் பெரும்பாலும் அவையே. வண்டி விரைவடையவும் இல்லை. மாறியது பெயரீடு ஒன்றே. அதன் விலையை நாள்தோறும் செலுத்தியவர்களோ காய்கறிக் கூடையோடு ஏறுபவர், கட்டட வேலைக்குச் செல்பவர், கல்லூரிக்குப் போகும் மாணவர். 30 ரூபாய் என்பது முன்பதிவுப் பெட்டியில் செல்பவருக்குப் பொருட்டன்று; ஒவ்வொரு நாளும் போய்வர 60 ரூபாய் என்பது நாட்கூலிக்காரருக்கு அன்றைய வருவாயில் ஒரு பங்கு.

கல்வெட்டையும் செப்பேட்டையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் நாம், ரயில்வே கால அட்டவணையையும் அவ்வாறே வாசிக்கலாம். ஒரு குறியீடு எதைக் குறிக்கிறது என்று கேட்பது மொழியியலின் முதற்கேள்வி. அது யாரிடமிருந்து எதைப் பெறுகிறது என்பதையும் உடன் கேட்டால்தான் அவ்வாசிப்பு நிறைவுறும்.