அடியில் தட்டுவது யார்?

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து இறங்கும் கார் ஒரு வளைவில் பிரேக் பிடிக்கிறது. ‘டொக்!’ அடுத்த வளைவில் சத்தம் இல்லை. அதற்கடுத்த வளைவில் மறுபடி ‘டொக்!’ ஓட்டுகிறவர் பாட்டை நிறுத்துகிறார், ஏ.சி-யை அணைக்கிறார், பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளை அதட்டுகிறார். காது முழுக்கக் காலுக்கடியில்! தேனி வந்ததும் வண்டி நேரே ஒர்க்ஷாப்புக்குப் போகிறது. மெக்கானிக் ஏறி உட்கார்ந்து, மதுரை ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வருகிறார். “ஒண்ணும் கேக்கலையேண்ணே...”

டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

இந்த ‘டொக்’குக்கு ஒரு சரித்திரம் உண்டு. சரியாகச் சொன்னால், சத்தத்தை மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக ஒளித்து வைத்த சரித்திரம்.

ஒளிக்கத் தெரியாத காலத்திலிருந்து ஆரம்பிப்போம். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் போடி வழியாகத்தான் வெளியுலகுக்குப் போனது. 1902-ல் குண்டளை பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கிற ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் அதற்குப் பதிலாகச் சின்ன ரயில் என்று டாப் ஸ்டேஷன் வரை பெட்டிகள் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டு வண்டி, போடி நோக்கி. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பாரவண்டிகளுக்கு ஸ்பிரிங் ஏது? மரச் சக்கரம், அச்சு, கடையாணி. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகு. மசகு காய்ந்தால் வண்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும். எங்கேயிருந்து சத்தம் என்று யாரும் துப்புத் துலக்க வேண்டியதில்லை. சத்தம் போட இருந்ததே இரண்டு மூன்று இடங்கள்தான்! அச்சு முறிந்தால்? நம் ஆட்கள் அதற்கும் முன்னேற்பாடு வைத்திருந்தார்கள். உப்பு விற்கப் போகும் உமணர்கள் வண்டிக்குக் கீழே ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் (102-ம் பாட்டு) சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஸ்டெப்னி.

1804-ல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அதன் மேல் கோச்சு வண்டியை உட்கார வைத்துக் காப்புரிமை வாங்கினார். அந்த நுட்பம் நம்மூருக்கு வந்தபோது தமிழன் வைத்த பெயரைப் பாருங்கள்: வில்வண்டி! பண்ணையாரும் மிராசுதாரும் ஏறிப் போன வண்டி. ‘ஸ்பிரிங்’ என்ற சொல்லுக்கு ‘வில்’லைவிடப் பொருத்தமான தமிழ் இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பட்டை இன்னொன்றின் மேல் உரசும். அந்த உரசல்தான் வண்டியின் குதியாட்டத்தையும் அடக்கும். அதாவது, அது வேலை செய்வதே கொஞ்சம் முனகிக்கொண்டுதான். துரு ஏறினால் முனகல் அலறலாக மாறும்.

இதே பட்டையை நான்கு சக்கரத்திலும் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது ஜீப். 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. ஏலமலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வண்டி! போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பக்கமெல்லாம் விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை. உட்காரும் இடத்தைவிட ஏறுகிற ஆள் அதிகம் என்பது அந்த ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

இங்கேதான் சத்தம் உயிர்ப் பிரச்னையாகிறது. ஜீப்பில் பட்டைக் கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிப்பவை யு-போல்ட்டுகள். பட்டைகள் நகராமல் நடுவில் நிறுத்துவது சென்டர் போல்ட். பாரத்தில் யு-போல்ட் தளர்ந்தால், சென்டர் போல்ட் நாளடைவில் வெட்டுப்படும். அப்புறம் அச்சே முன்னும் பின்னும் நகரும். வண்டி கிளம்பும்போது ஒரு ‘டக்’, பிரேக் போடும்போது ஒரு ‘டக்’. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். பள்ளத்தாக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நல்ல டிரைவர் அந்த ‘டக்’கை முதல் நாளே கேட்டுவிடுவார். ஏனென்றால், ஜீப் ஒளிக்காத வண்டி. இரும்பு, இரும்போடு நேராகப் பேசும்.

சத்தத்தை ஒளித்தது ரப்பர்!

1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். 1920-களில் பிரான்ஸில் லெயோன் தீரி என்பவர் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவே இறுக்கித் திணித்த ரப்பர் என்று ஒரு புஷ் செய்தார். பெயர் ‘சைலன்ட்பிளாக்’. கிரீஸ் வேண்டாம், சத்தம் கிடையாது. நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ‘சைலன்ட் பிளாக் ஒரு செட் குடுங்க’ என்று இன்றும் கேட்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பிரெஞ்சுப் பூர்வீகம்! ரப்பரோ நமக்குப் பக்கத்து வீடு. 1902-ல் மர்ஃபி என்ற அயர்லாந்துக்காரரும் கூட்டாளிகளும் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் ரப்பர்த் தோட்டம் போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம்.

ரப்பர் உயிரோடு இருக்கும்வரை வண்டி மௌன சாமியார். ஆனால் வெயில், எண்ணெய்க் கசிவு, வயசு எல்லாம் சேர்ந்து அதை உள்ளுக்குள் கிழிக்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். பாரம் ஏறும்போது மட்டும் கிழிசல் வாய் திறக்கும். அதுதான் வளைவில் ‘டொக்’. தேனியின் சமதளத்தில் அதற்கு வாய் திறக்க அவசியமே இல்லை!

இரண்டாவது திருடன், காரின் உடம்பு. ஜீப்பில் சேஸி தனி, மேல்கூடு தனி. 1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா, கூட்டையே எலும்பாக்கியது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக 1950-களின் கடைசியில் வந்த நம் அம்பாசடரும் அந்த ஜாதிதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் அப்படியே. மாருதியின் முன் சக்கரங்களைத் தாங்கியது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டு கம்பெனி எஞ்சினீயர் ஒருவரின் பெயர் அது; 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் கார்களில் இருந்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் ஒரே தூணாக்கி, தூணின் தலையை நேராக உடம்பில் பூட்டிவிட்டார்கள். விளைவு? வயலினில் கம்பி ஒரு இடம், ஒலிக்கிற பெட்டி இன்னொரு இடம் மாதிரி, வலது சக்கரத்தில் பிறந்த சத்தம் இடது கதவுக்குப் பக்கத்தில் கேட்கும்!

காதை நம்ப முடியாது என்றால் என்ன வழி? வழி, வைத்தியத்திலிருந்து வந்தது. 1816-ல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டர், ஒரு பெண்ணின் மார்பில் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நம் மெக்கானிக் நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சந்தேகத்துக்குரிய பாகத்திலும் பிடியைக் காதோரத்திலும் வைத்து, பையனைப் பம்பரை அமுக்கச் சொல்கிறாரே... லென்னக்கின் வாரிசு!

ஆனால் நல்ல துப்பறிவாளர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார். முதல் கேள்வி, “டிக்கியில என்ன சார் இருக்கு?” ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஒழுங்காகக் கட்டப்படாமல் ஆடி, ஷாக் அப்சார்பர் மேல் பழி போன கேஸ்கள் கணக்கில்லாதவை. அடுத்து, எப்போது கேட்கிறது? ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சத்தமில்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ‘கடகட’ என்கிறதா? ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறும்போது அந்தக் கம்பிக்கு வேலையில்லை, அதனால் வாயுமில்லை. பிரேக்கில் மட்டும் ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ் மேல் சந்தேகம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முறுக்கி விடுபடுகிற சத்தமா? ஒருவர் திருப்ப, இன்னொருவர் முன் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரட் மவுன்ட் பழுதென்றால் கையிலேயே துள்ளும். தேனி-கம்பம் சாலையில் வேகமாகப் போகும்போது ஊளைச் சத்தம் வருகிறதா? சாலை இடப்பக்கம் வளையும்போது அது கூடினால், பாரம் தாங்கும் வலப்பக்க வீல் பேரிங்தான் பெரும்பாலும் குற்றவாளி.

இந்தப் பொறுமை இல்லாத இடங்களில் நடப்பது வேறு. லிங்க் மாற்று, ஆர்ம் மாற்று, ஷாக் அப்சார்பர் மாற்று... பில் மட்டும் நீள்கிறது. இதைத் துப்பறிதல் என்று சொல்ல மாட்டேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் பிடித்து ஜெயிலில் போடுவது மாதிரி!

அதைவிடக் கொடுமை, சரியான புஷ்ஷையே மாற்றியும் சில மாதத்தில் சத்தம் திரும்பி வருவது. ‘டூப்ளிகேட் பார்ட்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். அவர் பாவம், பல சமயம் காரணம் வேறு. காரை ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முறுக்கினால், புஷ்ஷின் ரப்பர் தொங்கிய நிலையைத் தன் இயல்பாக நினைத்துக்கொள்ளும். கார் தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு.

அடுத்த முறை புஷ் மாற்றிவிட்டு சாவியை நீட்டும்போது, “தரையில எறக்கி டைட் பண்ணீங்களாண்ணே?” என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஸ்பேனரோடு மறுபடி அடியில் போனாலும் போவார்.