சைலன்சரின் பூர்வோத்தரம்

1955-ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவுக்குள், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத இரண்டு ஊர்களில் இரண்டு தொழில்கள் உதயமாயின. ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் ஸ்தாபனம் எஃகுக் குழாய் செய்ய முற்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற வியாபார நிறுவனமோ இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு கூடி என்பீல்டு இந்தியாவை நிறுவியது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கென்று புல்லட் மோட்டார் சைக்கிள்களை வரவழைத்துப் பார்த்துத் திருப்தி கொண்டதன் பலனாகவே திருவொற்றியூரில் அவ்வண்டிகளின் தொழிற்சாலை எழுந்தது. குழாயும் எஞ்சினும் கூடுமிடமே சைலன்சர்.

என்பீல்டு என்னும் பெயர் இந்தியருக்கு அப்போது புதிதன்று. லண்டனுக்கு வடக்கேயுள்ள அவ்வூரின் அரசாங்கத் துப்பாக்கிச் சாலையின் பெயரைத் தாங்கி வந்த 1853-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிதான், கொழுப்புத் தடவிய தோட்டாவின் காரணமாக, 1857-இல் சிப்பாய்களின் மனத்தைக் கொதிக்கச் செய்தது. சைக்கிள் செய்து வந்த ரெட்டிச் கம்பெனியாரும், 1893-இல் அதே சாலைக்கு நுட்பமான துப்பாக்கி உறுப்புகளைச் செய்து தரும் ஒப்பந்தம் கிடைத்த பெருமையினாலேயே, தங்கள் வண்டிக்கு ராயல் என்பீல்டு என்று நாமகரணம் செய்து, பீரங்கியைச் சின்னமாகவும் துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதை விருதுவாக்கியமாகவும் கொண்டார்கள். 1932-இல் அவர்கள் தங்கள் மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குப் புல்லட் என்றே பெயரிட்டுவிட்டபடியால், ஆயுதத்தோடு இவ்வளவு உறவு பாராட்டிய வேறு வாகனத்தைக் காண்பது அரிது. ஆனால் அவ்வண்டியின் வலப்பக்கத்தில் நீண்டு கிடக்கும் சைலன்சருக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தமோ, பெயரளவில் நிற்பதன்று. பௌதிக நியாயத்தில் அமைந்தது.

இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் தாம் படைத்த ஆயுதங்களின் ஓசையாலேயே முதுமையில் செவிப்புலனை இழந்தார் என்பதும், அவருடைய புதல்வர் ஹைரம் பெர்ஸி மாக்சிமே வேட்டின் ஓசையை அடக்கும் கருவியைச் செய்து 1909 மார்ச் 30 அன்று அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார் என்பதும், புராணத்தில் வந்திருந்தால் கற்பனை என்று நாம் தள்ளிவிடக்கூடிய பொருத்தம். குளிக்கும் தொட்டியில் நீர் சுழன்று வடிவதைப் பார்த்தபோது அந்த யோசனை உதித்தது என்று சொல்வார்கள். துப்பாக்கிக்கு வந்த கருவியே பிறகு மோட்டாருக்கு இறங்கிவந்தது என்று பலரும் நம்புவது சரியல்ல. இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சினின் ஓசையடக்கிக்கு 1897-லேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் பெர்ஸி மாக்சிமின் கம்பெனி பின்னாளில் துப்பாக்கிக்கான கருவியைக் கைவிட்டு, எஞ்சின்களின் ஓசையை அடக்கும் சாதனங்களைச் செய்தே ஜீவித்தது.

இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே. அடைபட்டிருந்த உஷ்ண வாயு திடீரென்று வெளிக்காற்றில் பாய்வதால் பிறப்பது ஓசை. அது பாய்வதற்கு முன்னரே இடையில் ஓர் அறையை அமைத்து, அங்கே விரிந்து, குளிர்ந்து, வேகம் தணிந்து, பிரஷர் குக்கரின் ஆவி சிறிது சிறிதாகக் கழிவதைப்போல வெளியேறும்படி செய்துவிட்டால் வெடி முனகலாகக் குறைகிறது. எஞ்சினுக்கு இது எளிது. குழாய் நீண்டாலும் கனத்தாலும் சுமப்பது வண்டி. துப்பாக்கிக்கோ, குழலின் நுனியில் ஏறும் ஒவ்வொரு பலம் எடையும் ஏந்துகிறவனின் கையைத் தாழ்த்திக் குறியைக் கலைக்குமாதலால், வாயு விரிய இடமும் வேண்டும், அவ்விடம் சிறிதாகவும் இலேசாகவும் இருக்கவும் வேண்டும் என்ற முரண்பாட்டோடுதான் நூறாண்டுகளாக இத்துறையினர் மல்லாடி வருகிறார்கள். எஃகுக்குப் பதில் டைட்டானியம் வந்த பின்னும் அந்த வழக்குத் தீரவில்லை. அன்றியும், ஒலியை முந்திப் பறக்கும் ரைபிள் தோட்டா வழிநெடுக எழுப்பும் வெடிப்பொலியை எந்தக் குழாயாலும் அடக்க இயலாது. சினிமாவில் கேட்கும் அந்த மெல்லிய ‘புஸ்’ ஓசை முக்காலும் பொய்.

அந்தப் பொய்க்கு மிக அருகில் வந்த மெய் ஒன்று உண்டு; அதுவும் என்பீல்டு வம்சத்ததே. இரண்டாம் உலகப் போரில் வில்லியம் டி லைல் என்ற ஆங்கிலேயர், லீ-என்பீல்டு துப்பாக்கியின் உடலை எடுத்து, ஒலியினும் மெதுவாகச் செல்லும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இசையுமாறு அதை மாற்றி, குழலையே பருத்த ஓசையடக்கிக்குள் பொதிந்தார். செய்யப்பட்டவை சுமார் நூற்று முப்பது. அவற்றிற் சில பர்மாப் போர்முனை வரையில் வந்தன. அதன் ஓசை அற்பமாக இருந்ததே தவிர உருவம் அற்பமாக இல்லை.

அமெரிக்கா 1934-இல் துப்பாக்கி ஓசையடக்கியின்மீது 200 டாலர் வரி விதித்தது; அக்காலத்தில் அது தடைக்குச் சமானம். பின்லாந்திலோ, வேட்டைக்காரன் தன் காதையும் அயலார் உறக்கத்தையும் காப்பதற்காக இதை உபயோகிப்பது மரியாதையாகவே கருதப்படுகிறது. நம் தேசம் கொண்டது கண்டிப்பான வழி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சுடும் ஓசையையோ ஒளியையோ குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே அடக்கிவிட்டது. தோட்டாவும் விசையும் இல்லாத வெறும் குழாயானாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கி. அச்சட்டம் அமலுக்கு வந்த 1962-ஆம் ஆண்டுக்குள்ளாகத்தான், புல்லட்டின் உறுப்புகள் அனைத்தும் இந்நாட்டிலேயே செய்யப்படும் நிலையும் எய்தப்பட்டது.

பிற்பாடு திருவொற்றியூர் 1997-இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்து, 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போயிற்று. ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் புல்லட் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி பொருத்தி அனுப்பும் சைலன்சரைக் கழற்றி எறிந்து, ‘பஞ்சாப் சைலன்சர்’ என்ற பெயரில் விற்கும் வெற்றுக் குழாயை மாட்டிக்கொண்டு, செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரையில் ஊரை எழுப்பிச் செல்லும் வாலிபர்களுக்கு அது வீரமாகத் தோன்றலாம். எனக்கு அது ஒரு நல்ல யந்திரத்துக்குச் செய்யும் அவமரியாதையாகவே தோன்றுகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, வாயு விரியும் அறையாலோ வேறு வகையாலோ ஓசையைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருந்தே தீரவேண்டும் என்கிறது.