லேலண்ட் டைட்டன்

இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த லேலண்ட் மோட்டார்ஸ் 1927இல் அறிமுகப்படுத்திய மாடிப் பேருந்து. முன்னால் எஞ்சின், அதன் பக்கத்தில் ஓட்டுநருக்குத் தனி அறை, பின்மூலையில் ஏறும் படி என்ற அமைப்பு அடுத்த முப்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மாடிப் பேருந்துகளின் இலக்கணமாக இருந்ததற்கு இந்த வண்டியே பெரிதும் காரணம்.

வடிவமைத்தவர் ஜி. ஜே. ராக்கம். அமெரிக்காவின் யெல்லோ கோச் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு லேலண்டுக்கு வந்தவர். அவர் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை இரு அச்சுகளுக்கும் இடையே தாழ்த்தினார். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுக்கினார். இதனால் கீழ்த்தளத்தின் தரை இறங்கியது. மேல்தளத்திலோ நடைவழியை வலது ஓரத்தில் பள்ளமாக அமைத்து, மற்ற இடத்தில் நால்வர் அமரும் நீள இருக்கைகளைப் போட்டார்கள். மொத்த உயரம் சுமார் 13 அடியில் அடங்கியதால், தாழ்வான ரயில் பாலங்களால் மாடிப் பேருந்து நுழைய முடியாதிருந்த சாலைகளும் திறந்தன.

வசதியை விலையாகக் கொடுத்துப் பெற்ற உயரம் அது. மாடியில் இடதுகோடியில் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் மற்ற மூவரும் வழிவிட வேண்டும். கீழே வலப்பக்கம் அமர்ந்தவர் சட்டென்று எழுந்தால், மேல்தளப் பள்ளத்தின் அடிப்பாகத்தில் தலை இடிக்கும். இருந்தும் டிராமைக் கைவிட நினைத்த நகராட்சிகள் டைட்டனை விரும்பி வாங்கின. உயரக் கட்டுப்பாடு இல்லாத ஊர்களுக்கு, நடுவில் நடைவழி கொண்ட வண்டிகளும் பின்னர் வந்தன.

ராக்கம் 1928இலேயே ஏஇசி நிறுவனத்துக்கு மாறி, டைட்டனுக்குக் கடும் போட்டியான ரீஜன்ட் பேருந்தை உருவாக்கினார். 1930களில் டைட்டன் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 9.8 லிட்டர் எஞ்சினுடன் வந்த பிடி2 என்ற டைட்டன் வகை பெரும் வெற்றி பெற்றது. 1956இல் 30 அடி நீள பிடி3 வந்தது.

டைட்டனை வீழ்த்தியது லேலண்டின் சொந்தத் தயாரிப்பே. 1958இல் உற்பத்திக்கு வந்த அட்லாண்டியனில் எஞ்சின் பின்னால் போய், வாசல் ஓட்டுநர் அருகே வந்தது. நடத்துநர் இல்லாமல் மாடிப் பேருந்தை ஓட்டலாம் என்று 1966இல் அனுமதி கிடைத்ததும், பின்வாசல் வண்டிக்கு பிரிட்டனில் வேலை குறைந்தது. அந்நாட்டுக்கான கடைசி டைட்டன்கள் 1969இல் தயாரிக்கப்பட்டன.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1967இல், சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் லேலண்ட் டைட்டனைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. 1970களின் பிற்பாதியில் லண்டனுக்காக லேலண்ட் உருவாக்கிய பின் எஞ்சின் பேருந்தும் டைட்டன்தான். பழைய வண்டியோடு அதற்குப் பெயர் மட்டுமே பொது.